இழுக்கிறது பெரிசில்லை

"அத்தான், உங்க கேம்பர் மொத்தம் எவ்வளவு கனம் இருக்கும்?"

போனில் மச்சினன் இப்படிக் கேட்டதும் அதிகாரி கையிலிருந்த மெழுகுத் துணியைக் கீழே வைத்தார். என்றைக்காவது ஒருநாள் கேம்பரை இரவல் கேட்பான் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்குக் கேட்டுவிட்டான்.

கேம்பர் என்பது சக்கரம் வைத்த குட்டி வீடு. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதிகாரி அதை வாரம் தவறாமல் துடைத்து மெழுகு போடுவார். மச்சினனோ ஏசி மெக்கானிக். அவரிடம் இரவல் வாங்கிப்போன ஏணி ஒரு படி குறைந்துதான் வீடு திரும்பியது.

"எதுக்குக் கேக்கறே மச்சான்?"

"வேலைக்கு ஒரு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். எந்த வண்டி எடுத்தா உங்க கேம்பரை இழுக்கும்னு பாக்கறேன்."

தரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? மனைவியின் தம்பி ஆயிற்றே. அதனால் தன் உத்தியோகத்தைத் துணைக்கு அழைத்தார். தொழிற்சாலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடாமல் அங்கே ஓர் ஈ கூட உள்ளே நுழைய முடியாது.

"காலி கனத்தைப் பாக்காதே. தண்ணி, கேஸ், பெட்டி எல்லாம் ஏத்தினப்புறம் ஒன்றரை டன் வரும். சின்ன வேன் எல்லாம் தாங்காது. இழுக்கிறது பெரிசில்ல மச்சான், இறக்கத்தில நிறுத்தறதுதான் பெரிசு. பின்னாடி வர்றது முன்னாடி போறதைவிடக் கனமா இருந்தா, அப்புறம் வண்டியை ஓட்டறது நீ இல்ல, அதுதான்."

"அப்ப உங்க சின்னக் கார் எப்படி அத்தான் இழுக்குது?"

"அது பழகின கை. என் கணக்கு வேற."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. போன விடுமுறைக்குப் போய் வந்ததிலிருந்து, கேம்பர் பேச்சை எடுத்தாலே அவள் இப்படித்தான். பயண அலுப்பு என்று அவர் விட்டுவிட்டார்.

மச்சினன் விடுகிறவனாக இல்லை. இந்த வண்டி இழுக்குமா, அந்த வண்டி நிறுத்துமா, கேம்பருக்குத் தனி பிரேக் இணைப்பு கொடுக்க முடியுமா என்று தினமும் ஒரு கேள்வி. அவன் எதைச் சொன்னாலும் "அது பத்தாது" என்றார் இவர். கடைசியில் மிச்சம் நின்றது ஒரு பெரிய பிக்கப். அதை வாங்க அவனால் ஏலாது என்பது அதிகாரியின் நம்பிக்கை.

"அத்தான், நீங்க சொன்ன அதே பிக்கப்பை செகண்ட்ஹேண்டுல எடுத்தாச்சு. நாளைக்குக் காலைல ஓட்டிட்டு வர்றேன். கேம்பரைப் பூட்டிப் பாத்துடலாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அதிகாரி கெட்டார். அடுத்த வாரம் நாலு நாள் விடுமுறை; அவரே கேம்பரில் கிளம்புவதாக இருந்தார். அவன் பிள்ளைகள் பிசுபிசுத்த கையோடு தன் மெத்தையில் குதிப்பது அவர் கண்முன் வந்து வந்து போனது.

மறுநாள் காலையில், யாரும் பார்க்காத நேரம் வாசலுக்குப் போனார். காரையும் கேம்பரையும் சேர்த்துப் பூட்டுகிற இரும்புப் பின்னைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் எமனே வந்தாலும் கேம்பரை இழுத்துப் போக முடியாது.

பிக்கப் வந்து நின்றது. மனைவியும் வெளியே வந்தாள். அதிகாரி முந்திக்கொண்டார்.

"ஒரு சங்கடம் மச்சான். பூட்டற பின்னைக் காணோம். எங்கேயோ தொலைஞ்சு போச்சு. அது இல்லாம எடுக்கக் கூடாது. பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அதுக்கென்ன அத்தான், வேற வாங்கிக்கலாம்," என்றவன் வண்டிச் சாவியை அவரிடம் நீட்டினான். "இந்தாங்க."

"எனக்கு எதுக்கு?"

"அடுத்த வாரம் கிளம்பறீங்கல்ல, இதுல போங்க. இனிமே எப்பப் போனாலும் இதுலதான் போகணும். அந்த நாலு நாளும் நான் உங்க கார் மேல ஏணியைக் கட்டிக்கிட்டு வேலைக்குப் போயிக்கறேன். என் தொழிலுக்குச் சின்ன வேனே போதும் அத்தான். அக்காவுக்காகத்தான் இவ்ளோ பெரிசா எடுத்தேன்."

"அக்காவுக்காகவா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன தடவை மலை இறக்கத்தில கேம்பர் உங்க காரைத் தள்ளிக்கிட்டே போச்சாமே. பிரேக் புகைஞ்சு, மண்மேட்டில ஏத்தி நிறுத்தினீங்களாம். வெளியே சொல்லாதேன்னு சொன்னீங்களாம். அன்னையிலேர்ந்து அக்கா சரியாத் தூங்கறதில்ல. உங்ககிட்ட சொன்னா மனசு நோகும்னு என்கிட்ட வந்து அழுதா. நீங்கதானே அத்தான் சொன்னீங்க, நிறுத்தறதுதான் பெரிசுன்னு?"

அதிகாரிக்கு வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. பையைக் கெட்டியாகப் பிடித்திருந்த கையை எடுத்து, எட்டிக் குனிந்து சாவியை வாங்கினார்.

பையிலிருந்து நழுவிய இரும்புப் பின் ணங்கென்று தரையில் விழுந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

மனைவிதான் குனிந்து எடுத்தாள். மண்ணைத் துடைத்துத் தம்பியிடம் கொடுத்தாள்.

"நல்லவேளை," என்றாள், "நேத்தெல்லாம் தேடினார் பாவம். இப்பவாவது கிடைச்சுதே."