படகுத்தாயின் பொறாமை

மீன் வாங்கும் சாக்கில் நானும் எங்கள் தீவின் படகுத்துறையில் நிற்கிறேன். தபால்காரி சுகாகோவுக்குத் தன் பழைய பாய்மரப் படகை விற்கும் இவாமோத்தோ, பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகு படகைக் கொடுக்கத் தயங்கி இழுக்கிறார். காற்றில் கயிறுகள் பாய்மரத்தில் டக்டக்கென்று அடிக்கின்றன. "உன் புருஷன் ஓட்டத்தான்னு நெனச்சேன்மா. படகைக் காக்கிற சாமி, படகுத்தாயும் பொம்பளை. இன்னொரு பொம்பளை ஏறினா பொறாமையில கவுத்துடுவா." சுகாகோ விடவில்லை. "பாய்மரத்தடியில அவளுக்குன்னு வச்ச பெட்டியில என்ன இருக்கு அண்ணே?" ஊருக்கே தெரிந்ததை அவர் முனகுகிறார்: "வழக்கம்தானே... என் பொண்டாட்டி முடி." "முப்பது வருஷமா அக்கா முடி கடலுக்குப் போயிட்டு வருது. முடி ஏறலாம், தலை ஏறக்கூடாதோ?" கருவாடு திருப்பிக்கொண்டிருக்கும் அவர் மனைவி களுக்கென்று சிரிக்கிறாள். சுகாகோ படகில் ஏறிக் கட்டுக்கயிற்றை அவிழ்க்கிறாள். "எஞ்சின் சாவி தரமாட்டேன்!" என்று அவர் கத்த, ஒட்டுப்போட்ட வெள்ளைப் பாய் வெயிலில் படபடவென்று விரிகிறது. "வச்சுக்குங்க அண்ணே. பாய்க்கு எதுக்குச் சாவி?"