மேலே வந்த விளக்கு

பல்கலைக்கழகச் சுரங்கவியல் ஆய்வகத்தில் பொருட்களைச் சரிபார்த்தபோது, சுரங்கத் தொழிலாளர் தலையில் மாட்டும் தொப்பி விளக்கு ஒன்று குறைந்தது.

"காலைக்குள்ள வரலன்னா உன் வேலை போயிடும், எழிலரசி," என்று ஆய்வக உதவியாளரிடம் சொன்னார் துறைத் தலைவர்.

காலையில் விளக்கு தன் இடத்தில் இருந்தது. அதில் ஈரச் சேறு ஒட்டியிருந்தது. கண்ணாடி இன்னும் சுட்டது. பக்கத்து ஆணியில் பித்தளை டோக்கன் ஒன்று தொங்கியது.

"இது இன்னாம்மா புதுசா? கழட்டிப் போடு."

"வேணாங்க சார். எங்கப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்துல, விளக்கு குடுக்குற லேம்ப் ரூம்ல இருந்தாரு. டோக்கன மாட்டிட்டுத்தான் விளக்க எடுப்பாங்க. மேல வந்தா திருப்பி வாங்கிக்குவாங்க. டோக்கன் தொங்கினா ஆளு கீழ இருக்கான்னு அர்த்தம்."

"அந்தச் சுரங்கத்துல இறங்குற ஷாஃப்டையே மூடிட்டாங்களே!"

"விளக்கு மட்டும் வந்திருக்கு சார்."

மறுநாளும் விளக்குகளை எண்ண வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் மாலையில், கீழே இருப்பவனுக்காக விளக்கை முழுதாகச் சார்ஜ் ஏற்றி வாசற்படியில் வைத்தாள். கதவைப் பூட்டாமல் வீட்டுக்குப் போனாள்.