நிறமில்லாத ஃபிலிம்

இன்று சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் அந்தக் கார் ஃபிலிம் சுருளை மதுரைக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான் பாக்கியசீலன். கடையில் கூட்டாளி, வீட்டில் மச்சான். அதனால் அவனை எதிர்த்தும் பேச முடியாது.

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புதிய பஸ் ஸ்டாண்டு ரோட்டில் கார் கண்ணாடிகளுக்கு ஃபிலிம் ஒட்டிப் பிழைக்கிற மணிராஜுக்குத் தெரியாதா? திருநெல்வேலிக்காரர்களுக்கு ஃபிலிம் என்றால் கறுப்பு. ஒட்டினால் ஒட்டினது பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் பட வேண்டாமா? வெயிலையும் புற ஊதாக் கதிரையும் தடுத்துவிட்டு, ஒன்றுமே ஒட்டாத கண்ணாடி மாதிரி இருக்கிற ஃபிலிமை இந்த ஊரில் எவன் சீண்டுவான்?

நான் விற்றுக் காட்டுகிறேன் பார் என்று சவால் விட்டு வாங்கி வந்தவன் மணிராஜ்தான். எல்லாம் வாய்க்கொழுப்பு.

அந்த வாய்க்கு அன்றைக்கு ஓர் ஆள் அகப்பட்டார். ஆழ்வார்குறிச்சி நமச்சிவாயம். பதிவாளர் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றி நிறையத் திருநீறு. அவருடைய வெள்ளைக் காரில் நான்கு பக்கமும் கறுப்பு ஃபிலிம். மலிவுச் சரக்கு, வெயிலில் கொப்பளித்து ஓரமெல்லாம் கிளம்பிக் கிடந்தது. இன்ஜினை அணைக்காமல் இறங்கி, திறந்த கதவைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இந்தக் கறுப்புக்காக ரெண்டு தடவை போலீஸ் மறிச்சுட்டான் தம்பி. பின்சீட்ல மக இருக்கா. திங்கக்கெழமையிலேருந்து பாளையங்கோட்டையில காலேஜ் வேலைக்கு வாரா. வெயில் பட்டா அவளுக்குத் தோல் பொசுங்கிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

மணிராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு கிராக்கி தானாக நடந்து வருமா! கடை வாசலில் இருந்த மேஜையைக் காரடிக்கே இழுத்து வந்து, ஹாலஜன் விளக்கைப் போட்டான். முதலில் சும்மா ஒரு கண்ணாடியை அதன் முன்னால் பிடித்தான். அதன் பின்னால் கையை வைத்த நமச்சிவாயம், சூடு தாங்காமல் வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார். அடுத்தது ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி. கை வைத்தபடியே இருந்தது. ஆச்சரியத்தில் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆள் விழுந்தாச்சு என்று நினைத்தான் மணிராஜ்.

"எல்லாம் சரிதான். உள்ள இருக்கது வெளிய தெரியுமே?"

"பளிச்சுன்னு தெரியும் அண்ணாச்சி. இங்கன ஒண்ணு ஒட்டியிருக்குன்னு சத்தியம் பண்ணினாலும் எவனும் நம்ப மாட்டான்."

அதைப் பெருமையாகச் சொன்னான். கேட்டவரின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப வேண்டாம்ப்பா. போலீஸுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ கறுப்பே ஒட்டு."

மணிராஜுக்கு எரிச்சலான எரிச்சல். சரியான கட்டுப்பெட்டி மனுஷன் என்று முடிவே கட்டிவிட்டான். காலேஜில் பாடம் நடத்தப் போகிற பெண்ணை நாலு பேர் பார்த்தால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? கைக்கு வந்த வியாபாரம் நழுவுகிற ஆத்திரம் வேறு சேர்ந்துகொள்ள, குரல் தானாக ஏறியது.

"பாத்தா என்ன அண்ணாச்சி? பாக்குதவன் பாத்துட்டுப் போறான்! அதுக்காக வளந்த பிள்ளையை இருட்டுக்குள்ள உக்கார வச்சுக் கூட்டிட்டு அலைவீங்களா?"

நமச்சிவாயம் அவனை ஒரு பார்வை பார்த்தார். காரில் ஏறுவதற்காகக் குனிந்தார்.

போச்சு. மச்சான் ஜெயித்துவிட்டான்.

அப்போது பின்கதவுக் கண்ணாடியில் சர்ரென்று ஒரு சத்தம்.

மேல் மூலையில் கறுப்பு விலகி, ஒரு விரல் தெரிந்தது. ஃபிலிமைக் கண்ணாடியின் உள்பக்கம்தான் ஒட்டுவார்கள். உள்ளே இருப்பவர் மனசு வைத்தால் உரித்துவிடலாம். நகத்தால் கிளப்பி, இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு. பாதிதான் வந்தது. மறுபடியும் ஓர் இழுப்பு.

"ஏட்டி மதுமதி, என்ன செய்யுத!" என்று பதறினார் நமச்சிவாயம்.

கடைசித் துண்டும் வந்ததும் வெயில் முழுசாக உள்ளே விழுந்தது. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். மாநிற முகம். கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும், கழுத்திலும், கறுப்பைக் கசக்கிப் போட்ட விரல்களிலும் திட்டுத் திட்டாக வெள்ளை.

மணிராஜுக்குப் பேசியதையெல்லாம் திரும்ப விழுங்கிவிட முடிந்தால் தேவலை என்றிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

எதிர் டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாகப் பார்த்தார்கள். ஷேர் ஆட்டோவில் போனவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். நமச்சிவாயம் ஓடி வந்து, தன் உடம்பாலேயே அந்தக் கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றார். பாவம், அவர் உடம்பு முக்கால் கண்ணாடிக்குக்கூடப் போதவில்லை.

கண்ணாடி இரண்டு விரல்கடை இறங்கியது.

"தள்ளி நில்லுங்கப்பா" என்றாள் மதுமதி. பிறகு மணிராஜை நேராகப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதையே ஒட்டுங்க. சீக்கிரம். வெயில் சுடுது."