மேட்டுப் பக்கம் போன தடம்

“அடிபட்ட மானை அப்படியே விட்டுட்டுப் போறவன் இனிமே என்கூட வேட்டைக்கு வரவே வேணாம்!” ஹார்லன் கத்தினான். அவனுடைய நரைத்த தாடியெல்லாம் பனித்தூள்.

விழுந்து கிடந்த மரத்தின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தான் ஆர்வின்.

“ஒரு மணி நேரமா சுத்திச் சுத்தி நடக்கிறோம். காலு கழண்டு விழுந்துடும் போலிருக்கு. ஒரு மானுக்காக மூணு பேரும் விறைச்சுச் சாகணுமாடா?”

“வயித்துல குண்டோட அது எங்கே துடிச்சுக்கிட்டிருக்கோ! உனக்குக் காலு வலிக்குதாக்கும்!”

கிளைடுக்கு ஆர்வினைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. மூவரும் பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து திரிகிறவர்கள். விஸ்கான்சின் காட்டில் முப்பது நவம்பராக ஒன்றாக வேட்டையாடுகிறார்கள். முப்பது வருஷமும் ஆர்வினுக்கு இதே பாட்டுதான். குளிருது, பசிக்குது, வீட்டுக்குப் போகலாம்.

ஹார்லன் அப்படியில்லை. புதிதாகத் துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்கு ஊர் சர்ச் ஹாலில் வருஷா வருஷம் பாடம் எடுக்கிறவன். இன்றைக்கும், சதுப்புப் பக்கம் மூடுபனிக்குள் அசைந்த மானை அவன் சுட்டவுடன், “நீங்க ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. கூட்டமா போனா மிரண்டு ஓடிடும்” என்று தான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

“வயித்துல பட்டிருக்கு. மேட்டுப் பக்கம் ஓடியிருக்கு. வாங்க.”

அதிலிருந்து இந்த நடை. வெள்ளைப் பனியில் குளம்புத் தடம். பத்தடிக்கு ஒரு சிவப்புச் சொட்டு. இப்போது சொட்டும் நின்றுவிட்டது.

ஆர்வின் எழுந்தான். “நீங்க தேடுங்கப்பா. நான் இப்படியே சரிவுல இறங்கி, சதுப்பு வழியா குறுக்கே போய் வண்டியில உட்கார்ந்துக்கறேன்.”

“அந்த வழி வேணாம்!” ஹார்லன் சட்டென்று தடுத்தான். “ஐஸ் இன்னும் சரியா இறுகலை. உள்ளே போயிடுவே. வந்த வழியிலேயே சுத்திப் போ.”

“சுத்திப் போக எனக்குக் காலு வேணுமே!”

நொண்டிக்கொண்டே இறங்கிய ஆர்வினை மூடுபனி விழுங்கிவிட்டது.

“ஹீட்டரைப் போட்டுட்டு நல்லாத் தூங்குடா!” கிளைட் கேலியாகக் கத்தினான்.

ஹார்லன் நெடுநேரம் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பட்டப்பகலிலும் காடு மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. திடீரென்று, கீழே எங்கிருந்தோ, நீளமாக ஒரு முனகல்.

கிளைட் நின்று திரும்பிப் பார்த்தான். “என்னடா அது?”

“மரம். காத்துல கிளை உரசுது.”

“காத்தே இல்லையே?”

ஹார்லன் காதில் வாங்காதவன் போல நடையை எட்டிப் போட்டான்.

சதுப்புக்கு மேலே இரண்டு அண்டங்காக்கைகள் வட்டமடித்தன. கத்தவேயில்லை.

“ஹார்லன், காக்கா அங்கே சுத்துது. நாம இங்கே தேடிக்கிட்டிருக்கோம்.”

“அது வேற எதுக்கோ சுத்துது. தடத்தைப் பாருடா!”

மேட்டின் உச்சியில், ஒரு தேவதாரு மரத்தடியில் மான் செத்துக் கிடந்தது. கண் திறந்தே இருந்தது. அதன்மேல் பனி விழுந்தும் இமைக்கவில்லை.

ஹார்லன் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டான். அவன் தோள் குலுங்கியது.

“மன்னிச்சிடு. வேணும்னு செய்யலை. சத்தியமா வேணும்னு செய்யலை.”

கிளைடும் தன் தொப்பியைக் கழற்றினான். ஒரு மிருகத்துக்காக இப்படி அழ எத்தனை பேரால் முடியும்?

டுமீல்! டுமீல்! டுமீல்!

கீழே சதுப்பிலிருந்து அடுத்தடுத்து மூன்று வெடி.

“ஆபத்துன்னு ஆர்வின் கூப்பிடறான்! ஐஸ்ல விழுந்துட்டான் போல! எழுந்திரு ஹார்லன்!”

ஹார்லன் எழவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

“நீ போ. நான்... நான் மானைப் பாத்துக்கறேன்.”

கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. விழுந்து எழுந்து, சறுக்கிக்கொண்டே ஓடினான் கிளைட்.

சதுப்பின் ஓரத்தில், அந்தக் குளிரில் வெறும் சட்டையோடு உட்கார்ந்திருந்தான் ஆர்வின். அவன் கோட்டு வேறொருவர் மேல் போர்த்தியிருந்தது. யாரோ வெளியூர்க்காரர். கிறிஸ்துமஸுக்குக் கதவில் மாட்டும் இலை வளையத்துக்காக அவர் வெட்டிய தேவதாருக் கிளைகள் பக்கத்தில் கட்டாகக் கிடந்தன. அவர் தலை ஆர்வினின் வீங்கிய முழங்கால் மேல். தொடையில் ஆர்வினின் பெல்ட் இறுகக் கட்டியிருந்தது. அதற்குக் கீழே கால்சட்டை முழுக்க ரத்தம்.

“மானைத் துளைச்சுக்கிட்டு வந்த குண்டு இவரையும் அடிச்சிருக்குடா,” ஆர்வினின் பற்கள் கிடுகிடுவென்று ஆடின. “ஃபோன்ல சொல்லிட்டேன். பனிவண்டி வருது. பொழைச்சுக்குவாரு. இவர் முனகினதாலதான் எனக்கே தெரிஞ்சுது. இல்லேன்னா நானும் தாண்டிப் போயிருப்பேன்.”

“இவ்வளவு ரத்தம் உன் கண்ணுல படலையா?”

“எங்கேடா பட்டுச்சு? பாரு, பனியைத் தள்ளித் தள்ளி யாரோ மூடி வெச்சிருக்கான்.”

கிளைட் குனிந்து பார்த்தான். மூடியிருந்த பனியைச் சுற்றிலும் பூட்ஸ் தடங்கள்.

பேச்சுச் சத்தத்தில் அந்த மனிதர் மெல்லக் கண்ணைத் திறந்தார். கிளைடைப் பார்த்ததும் நீலம் பாரித்த உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது.

“வந்துட்டீங்களா... சொன்ன மாதிரியே அனுப்பிட்டாரே அந்த நரைத்தாடிக்காரர்! ‘கத்தாதீங்க, தெம்பு போயிடும், இதோ ஆளுங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்’னு சொல்லிட்டு ஓடினாரு. ரொம்ப நல்ல மனுஷன்!”