கதவில் தொங்கிய அட்டை

அமெரிக்காவின் டேட்டன் நகரத்து மலிவு வாடகை முதியோர் குடியிருப்பில் ஓர் ஏற்பாடு. இரவில் கதவுப்பிடியில் ஓர் அட்டையை மாட்டுவார்கள். காலையில் எழுந்ததும் எடுத்துவிடுவார்கள். பத்து மணிக்கும் அட்டை தொங்கினால், உள்ளே இருப்பவருக்கு என்ன ஆயிற்றோ என்று தட்டிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் மாடிக்கு அந்தப் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டவள் வில்மா. தன் கதவில் மட்டும் அட்டை மாட்டமாட்டாள். "அதெல்லாம் சாகப்போற கிழங்களுக்கு!"

இன்று பத்து மணி தாண்டியும் ஹார்வியின் கதவில் அட்டை தொங்கியது. படபடவென்று தட்டினாள். கையில் காபியோடு சிரித்தபடி திறந்தார்.

"ஏன்யா, நேத்து லுவெல்லா, இன்னிக்கு நீயா? ஒரு அட்டையை எடுக்கக்கூடத் துப்பில்ல. உங்களையெல்லாம் கட்டி மேய்க்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?"

"மறந்துட்டேன் தாயி."

"மூளை இருந்தாத்தானே ஞாபகம் இருக்கும்!"

அட்டையைப் பிடுங்கி அவர் கையில் திணித்துவிட்டு நடந்தாள். லிஃப்ட் பக்கம் திரும்பியதும், பின்னால் லுவெல்லாவின் கதவு திறக்கும் சத்தம் கேட்டு நின்றாள்.

"நாளைக்கு மறக்கிறது யார் முறை, ஹார்வி?"

"கடைசி வீட்டு ஆர்லீனோட முறை. என்ன செய்யிறது? வில்மாதான் தன் கதவுல அட்டை மாட்டமாட்டேங்கிறாளே. திட்டு காதுல விழுந்தாத்தானே உயிரோட இருக்கான்னு தெரியுது!"