கட்டுரைப் பெட்டி

"என்னக்கா இது, பூச்சி பூச்சியா வருது?"

தங்கை அலறியதில், எதிர் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த, அச்சகத்தின் மெய்ப்புப் பார்ப்பவர் தன் டப்பாவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

பூச்சி கணினித் திரையில் இருந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் கட்டுரைக்கென்று ஒரு பெட்டி. வீட்டுப் பழைய கணினியில் அவள் அடித்துக்கொண்டு வந்த தமிழ் முழுவதும் அதற்குள் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடந்தது.

"பழைய ஃபான்ட்ல அடிச்சா அப்படித்தான். நகரு."

அக்காவுக்கு அந்த அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் கணினி சும்மாதான் இருந்தது. ஐந்து மணியோடு விண்ணப்பம் மூடிவிடும். கட்டுரையைப் பார்த்துத்தான் கட்டணமில்லாத இடம் தருவார்கள். அதுவும் துறைக்கு ஒன்றே ஒன்று. அது கிடைக்காவிட்டால் அந்தக் கல்லூரி வாசலை மிதிக்க இந்தக் குடும்பத்தால் ஆகாது.

எழுத்துரு மாற்றியில் போட்டாள். தமிழ் வந்தது. ஆனால் கைகால் முறிந்து வந்தது. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம். வரிகள் பாதியில் ஒடிந்து கீழே விழுந்திருந்தன. பத்திகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

சொல் சொல்லாகப் படித்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

படித்தாள்.

'அப்பா சாரத்திலிருந்து விழுந்த வருடம் நான் பள்ளியை விட்டு வேலைக்குப் போனேன்.'

கொம்பைத் தூக்கிச் சரியான இடத்தில் வைத்தாள். பிறகுதான் வாக்கியம் உறைத்தது.

அப்பா விழுந்தது உண்மை. பள்ளியை விட்டதும் உண்மை. விட்டது தங்கை அல்ல, இவள்.

அடுத்த பத்தியில் விரலிடுக்கில் மை இருந்தது. பேருந்தில் பள்ளித் தோழிகளைப் பார்த்ததும் கையைப் பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டது இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். தங்கை ஸ்டூலில் காலாட்டியபடி அக்காவின் சாப்பாட்டையும் சேர்த்துக் காலிசெய்துகொண்டிருந்தாள்.

"பாத்துட்டியா? கோச்சுக்காதக்கா. என்கிட்ட எழுத என்ன இருக்கு? சாப்பிட்டேன், படிச்சேன், தூங்கினேன். அதுக்கு யாரு சீட்டு குடுப்பா? உன்னுது சும்மாதானே கிடக்கு. உனக்கு இனிமே எதுக்கு அது?"

அக்கா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒடிந்த வரியை முந்தின வரியோடு சேர்த்தாள்.

'வீணான தாள்களைக் கட்டிப் போடும் மூலையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். அவற்றில் பாதிக் கதைகள் இருக்கும். கடைசித் தாள் மட்டும் எப்போதும் இருக்காது. போனவன் திரும்பி வந்தானா, அவள் கதவைத் திறந்தாளா என்பதை நானே முடிவு செய்துவிட்டு, கை கழுவப் போவேன்.'

விளக்கணைத்த பிறகு, ஒரே பாயில் படுத்துக்கொண்டு, என்றோ ஒருநாள் இவள் சொன்னது. தங்கை தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

வயிறு எரிந்தது. எடுத்துக்கொண்டதற்காக அல்ல. எடுத்தது இவ்வளவு அழகாக இருந்ததற்காக.

சின்ன வயதில் இவள் போட்டுக் கழித்த சட்டைகள்தான் தங்கைக்குப் போகும். இவளுக்குத் தொளதொளவென்று தொங்கியவை அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். பார்க்கிறவர்கள் எல்லாம் புதுச் சட்டையா என்று கேட்பார்கள்.

கை கழுவப் போவேன். அந்த இடத்தில் நிறுத்த இவளுக்கு ஏன் தோன்றவில்லை? பட்டவளுக்கு வராத வரி, கேட்டவளுக்கு எப்படி வந்தது?

பெட்டியின் அடியில் எண் சிவந்தது. கொம்பையும் காலையும்கூடத் தனித்தனி எழுத்தாக எண்ணும் பெட்டி அது. அளவு மிஞ்சிவிட்டது.

"ஏதாச்சும் வெட்டுக்கா. நீ பாத்து எதை வெட்டினாலும் சரி."

வீணான தாள்களின் பத்தியைத் தேர்ந்தெடுத்தாள். நீலமானது. இதை அழித்தால் போதும். தங்கை ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அந்த மூலை திரும்ப இவளுடையதாகிவிடும்.

விரல் விசைமேல் இருந்தது.

இருந்துகொண்டே இருந்தது.

பாழாய்ப்போன கண். வருடக்கணக்காகப் பக்கங்களைப் பார்த்துப் பார்த்து, எது நிற்க வேண்டியது, எது போக வேண்டியது என்று அதற்குத் தெரிந்துவிட்டது. நீலத்தை விடுவித்தாள். ஆசிரியர்களுக்கெல்லாம் நன்றி சொன்ன கடைசிப் பத்தியை, யார் மேலோ உள்ள கோபத்தில் அடிப்பதுபோல் அடித்து அழித்தாள்.

எண் கறுத்தது. பத்திகளுக்கு இடையே இடம் விட்டாள். முன்னோட்டத்தில், கழுவித் துடைத்து வைத்தாற்போல் இருந்தது கட்டுரை. அதில் அக்கா என்று ஒருத்தி இல்லவே இல்லை.

அனுப்பினாள்.

தங்கை பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ இல்லேன்னா நான் என்னடி பண்ணுவேன்!" மகிழ்ச்சி தலைக்கேறினால் அவளுக்கு அக்காவும் டி தான். கழுவாத டப்பாவை மூடி வைத்துவிட்டு ஓடினாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஓயும்வரை இவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு தன் விண்ணப்பத்தைத் திறந்தாள்.

அதே கல்லூரி. அதே துறை. பள்ளிப் படிப்பைத் தனித்தேர்வாக எழுதி எப்போதோ முடித்திருந்தாள். வயது வரம்பு இல்லை என்று போட்டிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து, வீட்டில் மூச்சுவிடாமல் நிரப்பிக்கொண்டு வந்தது.

இதன் கட்டுரைப் பெட்டியிலும் அப்பா சாரத்திலிருந்து விழுந்திருந்தார். விரலிடுக்கில் மை இருந்தது. வீணான தாள்கள் இருந்தன. எங்கே முடிப்பது என்றுதான் பிடிபடாமல் அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரே வாழ்க்கையை இரண்டு பேர் சொன்னால், பின்னால் சொல்பவள்தான் திருடி.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். இந்தமுறை விரல் தயங்கவில்லை. பெட்டி வெறுமையானது.

ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

'எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்' என்று தொடங்கினாள்.