மாப்பிள்ளை சுட்ட வாத்து

"இது என்ன, கொசு அடிக்கிற துப்பாக்கியா? எங்க தோட்டா இதுல நுழையவே நுழையாதே!"

படகில் ஏறும்போதே அண்ணன் கிளோவிஸ் ஆரம்பித்துவிட்டார். வெஸ்லி பாவம், "எனக்குன்னு ஒரு பெட்டி தோட்டா வாங்கியிருக்கேன்" என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தான்.

வெஸ்லி ஹூஸ்டன்காரன், பல் டாக்டர். எங்கள் தங்கை ஓடிலைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். அப்பா இல்லாத வீடு. அண்ணன் தலையாட்டினால்தான் கல்யாணம்.

"ஒரு நாள் என்கூட வாத்து வேட்டைக்கு வரட்டும். ஆள் தேறுவானா மாட்டானான்னு சொல்லிடறேன்" என்றுவிட்டார் அண்ணன். லூசியானா சதுப்பில் எங்களுக்கெல்லாம் இதுதான் ஜாதகப் பொருத்தம்.

பிளாஸ்டிக் வாத்துகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நாணல் மறைப்புக்குள் உட்கார்ந்தோம். மேலே போகிற நிஜ வாத்து, சொந்தக்காரங்க கூப்பிடறாங்கன்னு நம்பி இறங்க வேண்டும்.

அண்ணன் பாடம் எடுத்தார். "நான் சொல்லாம சுடாதே. பறக்கிற வாத்தைத்தான் சுடணும், உட்கார்ந்திருக்கிறதைச் சுட்டா அசிங்கம். பிளாஸ்டிக் வாத்தைச் சுட்டவன் ஊர்ல தலைகாட்டவே முடியாது. நான் மட்டும் அப்படிச் சுட்டேன்னா அன்னைக்கே துப்பாக்கியைத் தலைமுழுகிடுவேன்!"

"மூடுபனியா இருக்கு, கண்ணாடியை எடுத்து மாட்டுங்கண்ணே" என்றேன்.

"போடா! கண்ணாடி கிழவனுங்களுக்கு."

கண்ணாடி சட்டைப் பையிலேயே இருந்தது.

காப்பி ஃபிளாஸ்க்கைப் படகிலேயே விட்டிருந்தேன். எடுத்து வரலாமென்று என் துப்பாக்கியோடு பின்பக்கம் போனேன்.

'டுமீல்!'

ஓடி வந்து பார்த்தால், ஒரு பிளாஸ்டிக் வாத்து தலையில்லாமல் மிதக்கிறது! அண்ணன் முகம் வெளிறிப் போய், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"மன்னிச்சுக்குங்க, நான்தான்" என்றான் வெஸ்லி.

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அண்ணனுடைய நாய் பிஜு நீந்திப் போய், தலையில்லாத அந்த வாத்தைக் கவ்வி வந்து, அண்ணன் காலடியில் பவ்யமாக வைத்தது.

"தள்ளிப் போ சனியனே!" என்று சீறினார்.

படகுத்துறையில் நின்றவர்களிடம் நான்தான் விஷயத்தை அவிழ்த்துவிட்டேன். முதலில் அண்ணன் படகைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டார். எல்லாரும் வெஸ்லியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்ததும் அவருக்கும் தெம்பு வந்துவிட்டது.

"ஒரு கண்ணை மூடி, நல்லா குறி பார்த்துல்ல சுட்டாரு!" என்றார்.

வீடு வந்து சேர்வதற்குள், வெஸ்லி அந்த வாத்து இன்னும் ஏன் சாகலை என்று கேட்டதாகவும் கதை வளர்ந்துவிட்டது. வெஸ்லி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. என்ன ஜென்மமோ!

அடுப்பில் கம்போ குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஓடில் கரண்டியும் கையுமாக அண்ணன் முகத்தையே பார்த்தாள்.

"சரிப்படாதும்மா. பொம்மை எது, உசிரு எதுன்னு தெரியாதவன். நம்ம குடும்பத்துக்கு ஆக மாட்டான்."

"ஒரு பொம்மை வாத்துக்காகவாண்ணே?" ஓடிலுக்குக் கண் கலங்கிவிட்டது. வெஸ்லி தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

நான் ஈரச் சாமான்களை எடுக்க வண்டிக்குப் போனேன். சீட்டுக்கு அடியில் ஒரு தோட்டாப் பெட்டி கிடந்தது. சின்ன ரகம், வெஸ்லியுடையது. அடடா, இன்னொரு சிரிப்புக்கு ஆச்சு என்று உள்ளே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன்.

"என்ன மாப்ளே, மொத்தமா இருந்தது இந்த ஒரு பெட்டிதானே? இதையும் வண்டியிலேயே விட்டுட்டா வேட்டைக்கு வந்தீங்க? மேல் தாளைக்கூடப் பிரிக்கலையே! அப்புறம் எதை வச்சுச் சுட்..."

பாதியிலேயே என் நாக்கு நின்றுவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ஓடில் பெட்டியைப் பார்த்தாள், வெஸ்லியைப் பார்த்தாள், அப்புறம் அண்ணனைப் பார்த்தாள். வெஸ்லி மட்டும், "மறந்துட்டேன். சொன்னா இதுக்கும் சிரிப்பீங்களேன்னுதான்..." என்று முனகினான்.

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மெதுவாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிரிக்காத பெட்டியைப் பார்த்தார். பிறகு வெஸ்லியின் முகத்தை, அன்றைக்கு முதல் தடவையாக, நிதானமாகப் பார்த்தார்.

"ஓடில்..." என்றார். "மாப்பிள்ளைக்கு முதல்ல சோத்தைப் போடும்மா."